யாரைச் சேர்த்தார்கள் என்பதற்கு முன், எத்தனை ஆட்டம் ஆடினார்கள்?



இது கொஞ்சம் நீளமான பதிவு. முதல் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் காபி குடித்துவிட்டு நிதானமாகப் படிக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் விடுமுறை நாளுக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியக் கால்பந்து அணியின் பட்டியல் வெளிவரும்போதெல்லாம் நம் பிள்ளைகளுக்குள் ஒரு சண்டை மூண்டுவிடுகிறது. ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை 40 வயதில் திரும்ப அழைத்தது சரியா? நம் தமிழ்நாட்டுப் பையன்கள் ஏன் இல்லை? மாலத்தீவோடு நட்பு ஆட்டம் ஆடி என்ன ஆகப்போகிறது? பெரிய அணியோடு ஆடி எட்டு கோல் வாங்கிக்கொண்டு வருவது மட்டும் பெருமையா? ஆளுக்கொரு கேள்வி. கடைசியில் "சார், நீங்களே சொல்லுங்க" என்று என்னிடம் வந்து நிற்கிறீர்கள்.

நான் கால்பந்து நிபுணன் இல்லை. உங்களுக்கு வரலாறு நடத்தியவன். அந்தக் கோணத்தில் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நாம் எப்போதும் "யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள்" என்று கேட்கிறோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "தேர்வு செய்வதற்கு முன் இவர்களுக்கு எத்தனை ஆட்டம் கொடுத்தார்கள், யாரோடு கொடுத்தார்கள்?" எழுபத்தைந்து ஆண்டுகால இந்தியக் கால்பந்து வரலாறு இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது என்பது என் கருத்து. அதற்கான சான்றுகளை வரிசையாக வைக்கிறேன். பிறகு நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.

முதலில் நட்பு ஆட்டம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பெயரில்தான் நட்பு. கோப்பை கிடையாது, பதக்கம் கிடையாது. ஆனால் ஃபிஃபா தரவரிசையில் அதற்கும் புள்ளி உண்டு. நம் பள்ளிக்கூட மொழியில் சொன்னால் அது திருப்புதல் தேர்வு. பொதுத்தேர்வுக்கு முன் மாணவன் எந்தப் பாடத்தில் வழுக்குகிறான் என்று ஆசிரியருக்குக் காட்டிக்கொடுப்பது அது. திருப்புதல் தேர்வே வைக்காமல் பிள்ளையை நேரே பொதுத்தேர்வுக்கு அனுப்பிவிட்டு, "ஏன் இந்தப் பையனை அனுப்பினீர்கள், அந்தப் பையனை அனுப்பியிருக்கலாமே" என்று சண்டை போட்டால் எப்படி இருக்கும்? நம் விவாதங்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன.

1950-க்குப் போவோம். பிரேசிலில் உலகக் கோப்பை. பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகள் விலகிக்கொண்டதால் தகுதிச்சுற்றே ஆடாமல் இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. இத்தாலி, ஸ்வீடன், பராகுவே இருந்த பிரிவில் நம்மைப் போட்டார்கள். நாம் போகவில்லை. "வெறுங்காலோடு ஆட ஃபிஃபா அனுமதிக்கவில்லை, அதனால் போகவில்லை" என்ற கதையை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். கேட்க நன்றாக இருக்கும் கதை. ஆனால் அன்றைய கால்பந்து சம்மேளனம் சொன்ன காரணங்கள் வேறு: அணித் தேர்வில் கருத்து வேறுபாடு, பயிற்சிக்குப் போதிய நேரமின்மை. செலவில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ளப் போட்டி நடத்தியவர்கள் முன்வந்தும் நாம் கப்பல் ஏறவில்லை. உலகக் கோப்பையைவிட ஒலிம்பிக்கே பெரிது என்று சம்மேளனம் நினைத்த காலம் அது.

அந்த இரண்டு காரணங்களையும் மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். அணித் தேர்வில் சண்டை. பயிற்சி ஆட்டம் போதவில்லை. இன்று நீங்கள் அடித்துக்கொள்ளும் அதே இரண்டு விஷயங்கள். உலகக் கோப்பையில் ஆட நமக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு அப்படிப் போனது. அதன் பிறகு இன்றுவரை ஆண்கள் அணிக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

அடுத்தது 1952, ஹெல்சின்கி ஒலிம்பிக். முந்தைய ஆண்டுதான் டெல்லி ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கியிருந்தோம். அந்தத் தெம்போடு போன அணி யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றது. குளிரில், நம் வீரர்களில் பலர் வெறுங்காலோடு. ஆசியாவில் தங்கம் வாங்கியவர்களுக்கு ஐரோப்பாவின் வேகம் என்ன என்பது அந்த மைதானத்தில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அதன் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்று விதி வந்தது.

1955 செப்டம்பர் 16. மாஸ்கோ. சோவியத் யூனியனோடு ஒரு ஆட்டம். 1-11 என்று தோற்றோம். இந்தியாவின் மிகப் பெரிய தோல்வி என்று இன்றைக்கும் அது பதிவில் இருக்கிறது. அன்றைக்கு முகநூல் இருந்திருந்தால் நம் பிள்ளைகள் என்ன எழுதியிருப்பார்கள்? "கேவலம். இவர்களை எதற்கு மாஸ்கோவுக்கு அனுப்பினார்கள்? அக்கம்பக்கத்து நாட்டோடு ஆடினால் போதாதா?" நிச்சயம் இதைத்தான் எழுதியிருப்பீர்கள்.

ஆனால் அடுத்த ஆண்டு நடந்ததைப் பாருங்கள். 1956 நவம்பர் 14-இல் நம் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவாகிறது. அடுத்த மாதம் முதல் தேதி மெல்போர்ன் ஒலிம்பிக் காலிறுதியில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வெல்கிறது. நெவில் டிசூசா மூன்று கோல். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் அவர். அரையிறுதியில் எதிரே யார்? அதே யூகோஸ்லாவியா. நான்கு ஆண்டுக்கு முன் பத்து கோல் போட்ட அணி. இந்த முறை முதல் கோலை அடித்தது நாம்! கடைசியில் 1-4 என்று தோற்றோம், வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்று நான்காம் இடம் பெற்றோம். முதல் சுற்றில் ஹங்கேரி வராததால் ஆடாமலே காலிறுதிக்கு வந்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆஸ்திரேலியாவை வென்றது அதிர்ஷ்டம் என்று யாரும் சொல்ல முடியாது. அதே டிசம்பரில் சிட்னியில் நடந்த நட்பு ஆட்டத்தில் அவர்களை அவர்கள் மண்ணிலேயே 7-1 என்று அடித்தோம்.

மாஸ்கோவில் வாங்கிய பதினொரு கோல்தான் மெல்போர்ன் வெற்றிக்குக் காரணம் என்று நான் கோடு போட்டு இணைக்க மாட்டேன். வரலாற்றில் ஒற்றைக் காரணம் கிடையாது என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் பெரிய அணிகளோடு மோதித் தோற்றதால் அந்த அணி அழிந்துபோகவில்லை என்பது உண்மை. தோல்வியைப் பார்த்து அணியைக் கூட்டுக்குள் அடைத்து வைக்கவும் இல்லை.

நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 1957 மே 20-இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். நடுவில் நான்கு ஆண்டுக்கு மேல் தோண்டியதெல்லாம் மேல்மண். கூடவே கீழிருந்து பொங்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நான்கு ஆண்டில் யாராவது வந்து கணக்குப் பார்த்திருந்தால் "செலவுதான் ஆகிறது, ஒரு கூடை நிலக்கரி வரவில்லை" என்றுதான் எழுதியிருப்பார்கள். 1962-இல் முதல் மின் உற்பத்தி யூனிட் ஓடத் தொடங்கிய பிறகுதான் அந்த மண்ணெல்லாம் எதற்காகத் தோண்டினார்கள் என்பது ஊருக்குப் புரிந்தது. கால்பந்தில் நட்பு ஆட்டம் என்பது மேல்மண் தோண்டுகிற வேலை. அதில் நிலக்கரி வரவில்லை என்று கோபப்படக் கூடாது.

அதே 1962-இல்தான் ஜகார்த்தா தங்கமும் வந்தது. 'மைதான்' என்ற இந்திப் படம் பார்த்தவர்களுக்குப் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமைத் தெரிந்திருக்கும். ஹைதராபாத்காரர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். (இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமை, பொறுத்துக்கொள்ளுங்கள்!) முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. பிறகு தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்றோம். தாய்லாந்து ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜுக்கு உடம்பு சரியில்லை.

ரஹீம் என்ன செய்தார்? தையல் போட்ட ஜர்னைலைப் பின்வரிசையில் இருந்து எடுத்து முன்வரிசையில் நிறுத்தினார். அவர் அரையிறுதியில் தென்வியட்நாமுக்கு எதிராகவும் ஒரு கோல், இறுதி ஆட்டத்திலும் ஒரு கோல் அடித்தார். அரையிறுதியில் பிரத்யுத் பர்மன் கோல்கீப்பராக நின்றார், வென்றோம். வென்ற அணியை மாற்றக் கூடாது என்பது பொதுப் புத்தி. ரஹீம் இறுதி ஆட்டத்துக்குத் தங்கராஜைத் திரும்ப இறக்கினார். மெட்ராஸ் ரெஜிமெண்ட் மைய அணியில் ஆடி வளர்ந்தவர் தங்கராஜ். செப்டம்பர் 4-ஆம் தேதி அதே தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம்.

அணித் தேர்வு என்றால் இதுதான். இந்த முடிவுகளை எந்தத் தாளிலும் எழுதி வைத்திருக்க முடியாது. எவனுக்கு எது வரும், எவன் எந்த நெருக்கடியில் நிற்பான் என்று ரஹீமுக்குத் தெரிந்திருந்தது. அது எப்படித் தெரியும்? பத்து ஆண்டுக்கும் மேலாக ஒரே கூட்டத்தை ஆட்டம் ஆட்டமாகப் பார்த்தவர் அவர். தேர்வாளருக்கு ஞானதிருஷ்டி கிடையாது. ஆட்டங்களே அவருக்குக் கண். ஆட்டம் இல்லாவிட்டால் அவர் கேள்விப்பட்டதை வைத்தும், சிபாரிசை வைத்தும், பழைய பெயரை வைத்தும்தான் ஆள் எடுப்பார். ரஹீம் 1963-இல் காலமானார். அதன்பின் 1970-இல் பாங்காக்கில் ஒரு வெண்கலம். ஆசிய விளையாட்டில் ஆண்கள் கால்பந்துப் பதக்கம் அதோடு சரி.

இதுவரை ஆண்கள் கதை. இனி சொல்லப்போவது நம் மாவட்டத்துக் கதை. இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

இந்தியாவில் பெண்கள் கால்பந்துக்குத் தனியாக ஒரு கூட்டமைப்பு 1975-இல் தொடங்கப்பட்டது. 1980-இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் நம் பெண்கள் இறுதி ஆட்டம் வரை போனார்கள். 1983-இல் பாங்காக்கிலும் இரண்டாம் இடம். அந்த அணியின் சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்ற முதல் பெண் கால்பந்து வீராங்கனை. ஆசியாவில் இரண்டாம் இடம் என்பதை இன்றைய நிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதன்பின் படிப்படியாக ஆட்டங்கள் குறைந்தன. 2009-இல் என்ன நடந்தது தெரியுமா? இந்தியப் பெண்கள் அணியின் பெயரை ஃபிஃபா தன் தரவரிசையில் இருந்தே எடுத்துவிட்டது. தோற்றதற்காக இல்லை. 18 மாதங்களுக்கு மேல் ஒரு சர்வதேச ஆட்டம்கூட ஆடாததற்காக. நூறு கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாட்டின் அணி, பட்டியலில் கடைசி இடத்தில்கூட இல்லை. அந்த ஒன்றரை ஆண்டில் உள்நாட்டில் எத்தனை பெண்கள் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடியிருப்பார்கள்? இருபது வயதில் இருந்தவளுக்கு இருபத்திரண்டு ஆகியிருக்கும். "அணியில் எனக்கு இடம் இல்லையே" என்று அழக்கூட அவளுக்கு வழியில்லை. சேர்வதற்கு அணி என்று ஒன்று இருந்தால்தானே!

இதைப் படிக்கும்போது எனக்கு நம் பள்ளிக்கூடங்கள் நினைவுக்கு வருகின்றன. நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் பெண்கள் கால்பந்து அணி இருந்தது. அவர்களுக்கு ஆண்டுக்கு ஒரே ஆட்டம்: குறுவட்டப் போட்டி. முதல் ஆட்டத்திலேயே தோற்றால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு வந்தால் வீட்டில் அனுப்ப மாட்டார்கள். பக்கத்துப் பள்ளியோடு சனிக்கிழமை ஒரு ஆட்டம் வைக்கலாம் என்று உடற்கல்வி ஆசிரியை கேட்டபோது, "தோற்றால் பள்ளிக்குக் கெட்ட பெயர்" என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் யார் நன்றாக ஆடக்கூடியவள் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாமலே போயிற்று. நாட்டு அணிக்கு நடந்ததும் இதுவே. அளவுதான் பெரிது.

2010-இல் மறுபடி ஆடத் தொடங்கினார்கள். டாக்காவில் தெற்காசிய விளையாட்டுத் தங்கம். அதே ஆண்டு காக்ஸ் பஜாரில் முதல் தெற்காசியக் கோப்பை. பிறகு 2012, 2014, 2016, 2019 என்று தொடர்ந்து ஐந்து முறை அந்தக் கோப்பை நமக்கே. இந்தக் காலத்தில்தான் கடலூர்ப் பெயர்கள் வரத் தொடங்கின. கடலூரில் இந்திரா காந்தி விளையாட்டுக் கல்வி அகாடமி என்று ஒன்று பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்தது. 2018-இல் இந்தியப் பெண்கள் லீக்கின் இறுதிச் சுற்று வரை அந்த அணி ஷில்லாங் போய் ஆடியது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுவரிசையில் நிலைத்தார். சிலிகுரியில் வங்கதேசத்தை 3-1 என்று வென்ற தெற்காசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஒரு கோல் அவருடையது. சந்தியா ரங்கநாதன், அவரும் கடலூர்தான், 2019-இல் மியான்மரோடு 3-3 என்று முடிந்த ஒலிம்பிக் தகுதி ஆட்டத்தில் ஒரு கோல் அடித்தார்.

2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை வென்று தமிழ்நாடு முதன்முறையாகத் தேசியப் பெண்கள் சாம்பியன் ஆனது. அதுவரை மணிப்பூரின் கோட்டையாக இருந்த கோப்பை அது. அடுத்த ஆண்டு மதுரையின் சேது அணி இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. 2023-இல் தமிழ்நாடு மறுபடி தேசியச் சாம்பியன். இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். நம் ஊரில் இருந்து பஸ் ஏறினால் வடலூர் தாண்டிக் குள்ளஞ்சாவடி வழியாகப் போய் இறங்குகிற கடலூர்தான். எங்கோ தூரதேசம் இல்லை.

ஆனால் தெற்காசியாவுக்குள் வென்றுகொண்டே இருந்ததில் ஒரு ஆபத்தும் இருந்தது. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவன் மாவட்ட அளவில் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் இருப்பதுபோல. 2021 பிப்ரவரியில் துருக்கிக்குப் போய் நட்பு ஆட்டம் ஆடினார்கள். செர்பியாவிடம் 0-8. ரஷ்யாவிடம் 0-8. நம்மவர்கள் உடனே "இந்த அணியைக் கலைத்துவிடலாம்" என்றார்கள். மூன்றாவது ஆட்டம் உக்ரைனோடு, 2-3. இடையில் நான்கே நாள். அதே ஆண்டு நவம்பரில் பிரேசிலில் மனாஸ் நகரில், ஃபோர்மிகா என்ற மகத்தான வீராங்கனையின் விடைபெறும் ஆட்டம். 1-6 என்று தோற்றோம். ஆனால் பிரேசில் முதல் கோலை அடித்த சில நிமிடத்தில் மனிஷா கல்யாண் சமன் செய்தார். உலகத்தின் பெரிய அணிக்கு எதிராகக் கோல் அடிக்க முடியும் என்று ஒரு பெண்ணுக்குத் தெரிவது சாதாரண விஷயமா?

2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தது. இந்துமதி, சந்தியா, மாரியம்மாள் பாலமுருகன் என்று தமிழ்நாட்டுப் பெயர்கள் அணியில் இருந்தன. ஈரானோடு 0-0. அடுத்த ஆட்டத்துக்குள் அணிக்குள் கொரோனா புகுந்தது. சீன தைபேயை எதிர்க்க 13 பேரைக்கூடக் காட்ட முடியாமல் போட்டியில் இருந்தே வெளியேறினார்கள். ஓராண்டுத் தயாரிப்பு ஒரே இரவில் போயிற்று. அதே ஆண்டு காத்மாண்டுவில் தெற்காசியக் கோப்பையும் கைவிட்டுப் போனது, வங்கதேசம் வென்றது.

ஆனாலும் தோண்டிய மண் வீண் போகவில்லை. 2025 பிப்ரவரியில் ஷார்ஜாவில் ஒரு போட்டி. ஜோர்டானை வென்று, ரஷ்யாவிடமும் தென்கொரியாவிடமும் தோற்றார்கள். பிறகு பெங்களூரில் உஸ்பெகிஸ்தானோடு இரண்டு நட்பு ஆட்டம். அதற்குப் பிறகுதான் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்று. மங்கோலியாவை 13-0, திமோர் லெஸ்தேயை 4-0, இராக்கை 5-0. கடைசியாக ஜூலை 5-ஆம் தேதி தாய்லாந்தோடு, அவர்கள் மண்ணில். தரவரிசையில் தாய்லாந்து 46, நாம் 70. சங்கீதா பாஸ்ஃபோர் இரண்டு கோல் அடித்து 2-1 என்று வென்றோம். தகுதிச்சுற்று ஆடி வென்று ஆசியக் கோப்பைக்குள் நம் பெண்கள் நுழைந்தது அதுவே முதல் முறை.

அந்த அணியில் பிரியதர்ஷினி செல்லதுரை, கார்த்திகா அங்கமுத்து என்று தமிழ்நாட்டுப் பெண்கள் இருந்தார்கள். இந்துமதியும் சந்தியாவும் பட்டியலில் இல்லை. "கடலூர்க்காரியை ஏன் விட்டார்கள்?" என்று நம்மில் சிலருக்கு வருத்தம். ஊர்ப்பற்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் இதை இப்படி யோசித்துப் பாருங்கள்: 2009-இல் இருந்த நிலையில் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. ஒரு இடத்துக்கு நான்கு பேர் போட்டியிடும் அளவுக்கு அணி வளர்ந்ததால்தான் "ஏன் இவள் இல்லை" என்ற கேள்வியே பிறக்கிறது. அந்த வரிசையை உருவாக்கியவர்களில் இந்துமதிக்கும் சந்தியாவுக்கும் பங்கு உண்டு.

இப்போது உங்கள் சண்டைக்கு வருகிறேன்.

சேத்ரி விஷயம். 2024 ஜூன் 6-இல் கொல்கத்தாவில் குவைத்தோடு ஆடி ஓய்வு பெற்றார். அந்த 2024 முழுவதும் ஆண்கள் அணி ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. 2025 மார்ச்சில் அவரைத் திரும்ப அழைத்தார்கள். ஷில்லாங்கில் மாலத்தீவை 3-0 என்று வென்றபோது அவரும் ஒரு கோல் அடித்தார். ஆறு நாள் கழித்து அதே மைதானத்தில் வங்கதேசத்தோடு 0-0. மாலத்தீவு ஆட்டம் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். 2023 நவம்பருக்குப் பிறகு வெற்றியே பார்க்காத பிள்ளைகளுக்கு ஒரு தெம்பு வேண்டியிருந்தது. ஆனால் எளிதான கேள்வித்தாள் தெம்பு தரும், குறையைக் காட்டாது. அது வங்கதேச ஆட்டத்தில் தெரிந்தது.

40 வயதுக்காரரை ஏன் அழைக்க வேண்டியிருந்தது என்பதுதான் உண்மையான கேள்வி. நம் லீக்கில் ஒரு நேரத்தில் நான்கு வெளிநாட்டவர் ஆடலாம். கோல் அடிக்கும் இடத்தைப் பெரும்பாலான அணிகள் அவர்களுக்கே கொடுத்துவிடுகின்றன. நம் பையன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். வாரா வாரம் உட்கார்ந்திருப்பவனைப் பயிற்சியாளர் எப்படி நம்பித் தேர்ந்தெடுப்பார்? சேத்ரி மேலும் கோபம் வேண்டாம், பயிற்சியாளர் மேலும் கோபம் வேண்டாம். இங்கேயும் குறை ஆட்டக் குறைதான்.

சில நேரம் அணியை அனுப்பாமலே விட்டுவிடுவார்கள். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்கு ஆசியாவில் முதல் எட்டு இடத்துக்குள் இல்லை என்ற காரணத்தால் ஆண்கள் அணியையும் பெண்கள் அணியையும் அனுப்பவில்லை. ஆடினால்தானே இடம் முன்னேறும்? நீந்தத் தெரிந்த பிறகுதான் தண்ணீரில் இறங்க வேண்டும் என்றால் எவன் நீச்சல் கற்பான்? 2023-இல் அனுப்பினார்கள். ஆனால் லீக் தொடங்கும் நேரம் என்று கிளப்புகள் ஆட்களை விடத் தயங்கின. பட்டியல் மாறிக்கொண்டே இருந்தது. அணி ஹாங்சோ போய்ச் சேர்ந்த மறுநாளே சீனாவோடு ஆட்டம், 1-5. 2025-இல் மத்திய ஆசியப் போட்டிக்கும் ஃபிஃபா ஒதுக்கிய நாட்களுக்கு வெளியே என்று மோகன் பகான் தன் வீரர்களை விடவில்லை. கிளப் பக்கமும் நியாயம் உண்டு; சம்பளம் கொடுப்பவர்கள் அவர்கள், வீரர் அடிபட்டால் நஷ்டம் அவர்களுக்கு. இதை ஆண்டின் தொடக்கத்திலேயே இரு தரப்பும் உட்கார்ந்து நாட்காட்டியில் குறித்துத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கடைசி வாரத்தில் தந்தி அடித்துக் கல்யாணத்துக்கு ஆள் கூப்பிடக் கூடாது.

ஆகவே அடுத்த முறை பட்டியல் வந்ததும் பெயரைத் தேடுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். கடந்த ஓராண்டில் இந்த அணி எத்தனை ஆட்டம் ஆடியது? அவற்றில் தன்னைவிடப் பலசாலியோடு எத்தனை, சமமானவனோடு எத்தனை? இந்தப் பட்டியலில் இருப்பவர் தன் கிளப்பில் உண்மையில் எத்தனை நிமிடம் மைதானத்தில் இருந்தார்? மூன்றுக்கும் விடை கிடைத்தபின் "இவன் ஏன், அவன் ஏன் இல்லை" என்று தாராளமாகச் சண்டை போடுங்கள். அந்தச் சண்டைக்கு ஒரு அர்த்தம் இருக்கும்.

கடைசியாக, இங்கே டவுன்ஷிப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இன்று பெற்றோர். சிலர் தலைமையாசிரியர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள். நம்மிடம் மைதானங்களுக்குக் குறைவில்லை. எத்தனையோ ஊர்களுக்குக் கிடைக்காத வரம் அது. உங்கள் பள்ளிப் பெண் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு ஆட்டம் ஏற்பாடு செய்யுங்கள். பக்கத்து வட்டத்துப் பள்ளியோடு வையுங்கள், பண்ருட்டியோடு வையுங்கள், கடலூர்ப் பிள்ளைகளை அழைத்து வந்து ஆட வையுங்கள். கடலூர்ப் பிள்ளைகள் எட்டு கோல் போடுவார்கள். போடட்டும். தோற்று வரும் பிள்ளைக்கு வீட்டில் திட்டு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும்.

கருத்து வேறுபாடு இருப்பவர்கள் கீழே எழுதுங்கள். மரியாதையாக எழுதினால் ஒவ்வொருவருக்கும் பதில் போடுவேன். வகுப்பில் மாதிரியே, கையைத் தூக்கிவிட்டுப் பேச வேண்டும்!

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்
நெய்வேலி